தலை மாறினால் ஆள் மாறுவானா?

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட புதிர்களில் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு ஆடவர்களின் தலைகள் உடல் மாறி ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண்ணுக்குக் கணவன் யார்? தலை யாருடையதோ அவனே என்றான் மன்னன். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் அல்லவா!

இங்கிலாந்தில் பொம்மைச் சிப்பாய்களை மேசைமீது அணிவகுத்துப் போர் விளையாட்டு ஆடுகிறவர்களின் தீர்ப்பும் இதுதான். விஞ்ஞானக் கதைகளால் நாம் அறிந்த எச்.ஜி.வெல்ஸ், 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இந்த ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். இன்று பலரும் வைத்து ஆடும் பொம்மையின் உயரம் 28 மில்லிமீட்டர். அதாவது மனிதனில் ஏறத்தாழ 60-ல் ஒரு பங்கு.

ஒரே அச்சில் வார்த்த 20 பொம்மைகள் 20 நகல்களாகத்தானே இருக்கும்? 1812-ல் மாஸ்கோவிலிருந்து கடுங்குளிரில் பின்வாங்கிய நெப்போலியனின் படையைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அணிவகுப்புக்குரிய உயரமான தொப்பி அங்கே பொருந்தாது. மேலங்கி அணிந்த உடலை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெட்டி எடுத்து, துணி சுற்றிய வேறொரு தலையைப் பொருத்துகிறார்கள். அதையும் ஒருவனுக்குக் குனிந்தபடி, மற்றவனுக்குத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி வைத்தால், நகல்கள் தனித்தனி மனிதர்களாகி விடுகின்றன.

ஒட்டிய தலை நிற்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 60-ல் ஒரு பங்கானால் கழுத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 3,600-ல் ஒரு பங்காகும். கன அளவோ 2,16,000-ல் ஒரு பங்கு! பொம்மை உலோகம் நம் உடலைவிட ஏறத்தாழ 7 மடங்கு அடர்த்தி கொண்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால், தலையின் எடையால் கழுத்தில் ஏற்படும் தகைவு நம் கழுத்தில் உள்ளதைப்போல் 8-ல் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவுதான். ஒரு துளிப் பசையே அதைத் தாங்கும். ஆயினும் தலை அடிக்கடி விழுகிறது. ஏன் தெரியுமா? பொம்மை சிறுத்தது, ஆனால் அதைத் தூக்கும் விரல் சிறுக்கவில்லை! ஆகவே கழுத்திலும் தலையிலும் மெல்லிய துளையிட்டு, ஒரு பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி ஒட்டுகிறார்கள். மூட்டில் தெரியும் இடைவெளியை, எம்-சீல் போல் இரண்டு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எப்பாக்சிக் களிமண்ணால் மூடிக் கழுத்துத் துணியாக்கிவிடுவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய உலோகப் பொம்மைகள் பலவற்றில் ஈயம் உண்டு. அதை அராவும்போது பறக்கும் தூள் உடலுக்குள் போகக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைக்கும் பழக்கம் அதைவிடக் கெட்டது. கடிகார முகப்புகளில் ரேடியச் சாயம் பூசிய அமெரிக்கப் பெண்கள் பலர், இந்தப் பழக்கத்தால் 1920-களில் நோயுற்று மாண்டார்கள்.

இனி வண்ணம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொம்மைக்கு நிழலையும் தீட்டுகிறார்கள்! சட்டை மடிப்பின் பள்ளத்தில் கருமை, மேட்டில் வெண்மை. நீங்கள் கேட்கலாம்: மடிப்பு 60-ல் ஒரு பங்கானால் அதன் நிழலும் அதே விகிதத்தில் சிறுத்து விழுமே, தனியாக எதற்குத் தீட்ட வேண்டும்? நல்ல கேள்வி. நிழல் விழத்தான் செய்கிறது. நம் கண்தான் சிறுக்கவில்லை. பொம்மையை 50 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, ஒரு மனிதனை 30 மீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்குச் சமம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறு கோணம், ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 50 சென்டிமீட்டரில் அது ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மடிப்பு பொம்மையில் 0.17 மில்லிமீட்டர்தான், கண்ணின் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டது. போதாததற்கு அறைக்குள் சுவர், கூரை எங்கிருந்தும் ஒளி சிதறி வந்து நிழலை வெளிறச் செய்கிறது. ஆகவே ஓவியர் வேண்டுமென்றே மிகைப்படுத்துகிறார். நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமென்று அரிதாரத்தை அழுத்திப் பூசுவதில்லையா? அதைப் போலத்தான்.

இத்தனை நுண்ணிய பள்ளங்களிலும் எப்படிக் கருமை பூசுவது? தேவையில்லை, தண்ணீரே பூசிக்கொடுக்கும். கரிய வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பொம்மை முழுவதும் தடவினால் போதும். நீரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுகளில் பரப்பு இழுவிசை புவியீர்ப்பை மிஞ்சிவிடுகிறது. மடிப்புகள் எல்லாமே அதைவிடச் சிறியவை அல்லவா? எனவே கரைசல் கீழே வழிந்தோடாமல் பள்ளங்களில் ஒதுங்கி, அங்கேயே உலர்கிறது. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தாலும் மடிப்புக்குள் இருப்பது விழாது! மேடுகளுக்கு எதிர்வழி: தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, லேசாக உரசுவார்கள். எஞ்சிய சிறிது வண்ணம் உயர்ந்த விளிம்புகளில் மட்டும் ஒட்டும்.

உங்களிடம் ஒரு பழைய பிளாஸ்டிக் பொம்மை இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். பாதியில் வெறும் கரைசலையும், மறுபாதியில் அதிலேயே ஒரு சொட்டுச் சோப்பு நீர் கலந்ததையும் தடவுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். எந்தப் பாதியில் கரைசல் முத்து முத்தாகத் திரள்கிறது, எதில் சீராகப் பரவி மடிப்புக்குள் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு மட்டும் தூரிகை வேண்டும். 3 சென்டிமீட்டர் அகலமுள்ள மனிதக் கண் பொம்மையில் அரை மில்லிமீட்டர்தான். நம் சிற்பிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். பொம்மை ஓவியர்களில் பலர் அதை முதலில் முடித்துவிடுகிறார்கள். கோடு சற்று வழிந்தாலும், பிறகு பூசும் தோல் நிறம் அதை மறைத்துவிடும்.