மஞ்சள் அறையைத் திறந்த நிருபர்

கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. ஜன்னலில் கம்பி. அறைக்குள் ஒரு பெண் அடிபட்டு ரத்தத்தில் கிடக்கிறாள். அடித்தவனை மட்டும் காணோம்! 1907-இல் பிரெஞ்சு வார இதழ் ஒன்றில் வந்து வாசகர்களைத் தவிக்கவிட்ட தொடர்கதை இது: 'மஞ்சள் அறையின் மர்மம்'. எழுதியவர் காஸ்தோன் லெரூ.

சட்டம் படித்தவர். அப்பா விட்டுப்போன சொத்தைச் சூதாட்டத்தில் கரைத்துவிட்டு, பிழைப்புக்குப் பேனா பிடித்தவர். பாரிஸ் நீதிமன்றங்களில் உட்கார்ந்து கொலை வழக்குகளைக் குறிப்பெடுத்தார். 'லெ மத்தான்' நாளிதழுக்காக 1905 புரட்சியின்போது ரஷ்யாவுக்கும் போனார். அதனால்தானோ என்னவோ, மஞ்சள் அறையின் முடிச்சை அவிழ்ப்பவன் போலீஸ்காரன் இல்லை. 18 வயது பத்திரிகை நிருபன்! சொந்தத் தொழிலை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

துப்பறியும் கதை எழுதும் ஆசை தனக்கு வந்ததில் இந்த நாவலுக்குப் பங்குண்டு என்று அகதா கிறிஸ்டியே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உலகம் லெரூவை நினைவில் வைத்திருப்பது 'ஓபராவின் மாயாவி' கதைக்காக. அதில் வரும் சரவிளக்கு விபத்துக்கு மூலம் ஒரு நிஜச் செய்தி. 1896-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் சரவிளக்கின் எடைக்கல் அறுந்து விழுந்து, பார்க்க வந்திருந்த ஒரு பெண் இறந்துபோனார். மாயாவி படகு விடும் நிலத்தடி ஏரியும் முழுக் கற்பனை இல்லை. அரங்கின் அடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் அந்த இருட்டுத் தண்ணீரில் இறங்கி நீச்சல் பழகுகிறார்கள்.