மித்ராயேஸ்: ஒரு போர்க்கருவிப் பெயரின் மூலமும் பொருளும்

இயந்திரத் துப்பாக்கி என நாம் வழங்குவது ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பாகும். அப்பெயர் கருவியின் அமைப்பைச் சுட்டுகிறதேயன்றி அதன் செயலைச் சுட்டவில்லை. பிரான்சிய மொழியோ அதனை ‘மித்ராயேஸ்’ என்கிறது. செயலிலிருந்து பிறந்த பெயர் அது.

முன்னாளிற் பிளாண்டர்ஸ் பகுதியில் வழங்கிய மிகச் சிறிய செப்புக்காசு ‘மீத்’ எனப்பட்டது. அதனடியாகச் சில்லறைக் காசைக் குறித்த ‘மித்தாய்’ தோன்றிப் பின்னர் ‘மித்ராய்’ எனத் திரிந்தது. காலப்போக்கில் உலோகத் துணுக்குகளும், பீரங்கியினுள் அடைத்துச் சுடப்பட்ட இரும்புத்துண்டுகளும் சிறுகுண்டுகளும் அப்பெயரைப் பெற்றன. நுண்மணியைக் குறிக்கும் ‘ரவை’யையே துப்பாக்கிக் குண்டுக்கும் வழங்கும் நமக்கு இப்பொருள்மாற்றம் வியப்பளிக்காது.

‘மித்ராயே’ என்னும் வினை, ஒருவனைக் குறிபார்த்துச் சுடுதலைக் குறிப்பதன்று. திரண்டு நிற்போர்மீது குண்டுகளைச் சிதறடித்தலைக் குறிப்பது. 1793 டிசம்பரில், கிளர்ந்தெழுந்து தோல்வியுற்ற லியோன் நகரத்துக் கைதிகள் புரோத்தோ வெளியிற் கட்டி நிறுத்தப்பட்டுப் பீரங்கிகளாற் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்கு ‘மித்ராயாட்’ என்ற பெயரே நிலைத்தது. அவற்றை நடத்துவித்தோர் கொலோ தெர்புவா, பூஷே என்னும் புரட்சி அரசின் பிரதிநிதிகள் என்பதை முற்போக்காளராகிய நாம் மறைத்தல் தகாது. 1795 ஒக்டோபர் 5ஆம் நாள் பாரிஸில் முடியாட்சிவாதக் கிளர்ச்சியாளரை நெப்போலியன் அடக்கியதும் இத்தகைய குண்டுகளாலேயே.

19ஆம் நூற்றாண்டில் புதிய இயந்திரங்கள் பலவற்றுக்குப் பெண்பால் வினைமுதல் விகுதி சேர்த்துப் பெயரிடுவது பிரான்சிய மரபாயிற்று. புல்லறுக்கும் இயந்திரம் ‘போஷேஸ்’ ஆனவாறே குண்டு சிதறும் இயந்திரம் ‘மித்ராயேஸ்’ ஆயிற்று. ரெஃபி என்னும் அதிகாரி அமைத்த கருவி 25 குழாய்களைக் கொண்டது. கைபிடியைச் சுழற்றி இயக்கப்பட்டது. அதிலிருந்து வெளிப்பட்டவை தனித்தனித் தோட்டாக்களே, இரும்புத்துணுக்கு எதுவுமில்லை. எனினும் பழைய வினையே பெயராயிற்று. 1884இல் மாக்சிம் தானியங்கித் துப்பாக்கியை அமைத்த பின்னரும் பிரான்சியர் புதிய பெயர் தேடவில்லை.

1870ஆம் ஆண்டுப் போரில் தளபதிகள் இதனைப் பீரங்கிபோலத் தொலைவில் நிறுத்தியமையால், பிரஷ்யப் படைக்கெதிராக இது பெரும்பயன் அளிக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் கொம்யூன் வீழ்ந்தபோது, அதே கருவி சொந்த நாட்டு மக்கள்மீது திருப்பப்பட்டது. சாதாரணத் துப்பாக்கிகளின் வேகம் கொலைக்குப் போதாமையால், தோற்றவர்கள் நூற்றுக்கணக்கில் மித்ராயேஸினால் வீழ்த்தப்பட்டனர் என, மார்க்ஸின் ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’ நூலுக்கு 1891இல் எழுதிய முன்னுரையில் ஏங்கெல்ஸ் குறிப்பிட்டார்.

‘மித்ராய்’ இன்றும் பேச்சுவழக்கிற் சில்லறைக் காசைக் குறிக்கிறது.