பகரம் பிறக்கும் இடம்

தமிழ் எழுத்துக்களின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்றுக்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை வகுத்தார். மேலுதடும் கீழுதடும் பொருந்தும்போது பகரமும் மகரமும் தோன்றும் என்பதையும், மெல்லெழுத்துக்கு மூக்கின் வளியும் வேண்டும் என்பதையும் நம் மாணவர் பிறப்பியலிற் படிக்கின்றனர். வகுப்பறையில் ஒருமுறை உதட்டைக் கூட்டிப் பார்த்தால் அவ்விதியின் உண்மை விளங்கிவிடும்.

ஆயின் இலக்கணம் குறைவற்ற வாயொன்றை மனத்திற் கொண்டே பேசுகின்றது. உலகிலே ஏறத்தாழ 700 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை உதடு பிளந்தோ, அண்ணம் பிளந்தோ, இரண்டும் பிளந்தோ பிறக்கின்றது. கூடுதற்கு உதடும் தடுத்தற்கு அண்ணமும் இல்லாத அப்பிள்ளைக்குப் பகரம் எங்கே பிறக்கும்? இக்கேள்வி வைத்தியருக்கு உரியது என்று நாம் ஒதுங்கிக்கொள்கின்றோம். அது தமிழாசிரியருக்கும் உரியது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்னம் அன்று, அண்ணம்

முதலிற் சொல்லைத் திருத்திக்கொள்வோம். பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் இக்குறைபாடு 'அன்னப்பிளவு' என்று அச்சாகின்றது. அன்னம் என்பது சோறு, பறவையும் ஆம். வாயின் மேற்கூரைக்குப் பெயர் அண்ணம். அதன் முற்பகுதி எலும்பாலான வன்மையுடையது. உண்ணாக்குத் தொங்கும் பிற்பகுதி தசையாலான மென்மையுடையது. நாம் வல்லெழுத்தை ஒலிக்கும்போது மென்மையான பிற்பகுதி மேலெழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கின்றது. அதனாற் காற்று வாயினுள்ளே தேங்கி, உதட்டையோ நாவையோ விலக்கிக்கொண்டு வெடித்து வெளிப்படுகின்றது. மெல்லெழுத்தை ஒலிக்கும்போது அவ்வழி திறந்து நிற்கின்றது. வல்லினம், மெல்லினம் என்ற பாகுபாட்டின் உடற்கூற்று அடிப்படை இதுவே.

அண்ணம் பிளந்த பிள்ளைக்கு இவ்வழியை அடைத்தல் இயலாது. காற்று மூக்கால் ஒழுகிவிடும். 'பால்' என்று கேட்க விரும்பும் குழந்தையின் வாயிலிருந்து 'மால்' போன்றதோர் ஒலி வரும். சில பிள்ளைகள் வாயில் இயலாத வல்லெழுத்துக்களையெல்லாம் மிடற்றினுள்ளேயே வெட்டி ஒலிக்கப் பழகிவிடுகின்றன. வல்லின எழுத்துக்கள் ஆறும் இவ்வாறு இழக்கப்பட்டால் தமிழில் எஞ்சுவது எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்! அம்மா என்று அழைக்கலாம். அப்பா என்றோ, அக்கா என்றோ, தாத்தா என்றோ தெளிவாக அழைத்தல் அரிது.

உதடு மாத்திரம் பிளந்த பிள்ளையின் நிலை வேறு. அதன் பேச்சுக்குப் பெருங்கேடு நேர்வதில்லை. ஊராரின் பார்வையே அதனைத் துன்புறுத்துகின்றது. அண்ணப் பிளவோ முகத்திற் தெரியாதது. வாயைத் திறந்து பேசும்போதே வெளிப்படுவது. முன்னதன்மேல் இரக்கம் கொள்ளும் ஊர், பின்னதைக் கேட்டுச் சிரிக்கின்றது.

கிரகணமும் தாயும்

கருவுற்ற பெண் கிரகண வேளையில் வெளியே வந்தாலோ, கத்தியைக் கையில் எடுத்தாலோ பிள்ளையின் உதடு பிளக்கும் என்ற நம்பிக்கை நம் நாட்டிலும் பாரத நாட்டிலும் நெடுங்காலமாக உண்டு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை. கருவிற் குழந்தையின் முகம் இரு பக்கத்தினின்றும் வளர்ந்துவந்து நடுவிலே இணைகின்றது. உதடு ஏறத்தாழ நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையிலும், அண்ணம் அதனையடுத்த வாரங்களிலும் கூடுகின்றன. அவ்விணைப்பு நிறைவுறாதொழியின் பிளவு எஞ்சுகின்றது. பரம்பரைக் கூறுகளோடு, போலிக் அமிலக் குறைவு, புகைத்தல், மது, வலிப்பு நோய்க்குரிய சில மருந்துகள் முதலியனவும் இதற்குத் துணைக்காரணங்கள் ஆகலாம் என அறிஞர் கூறுவர். பல பிள்ளைகளில் இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்டிச் சொல்லுதல் இயலாது.

தாயானவள் தான் கருவுற்றிருப்பதைத் திண்ணமாக அறிவதற்கு முன்னரே இவ்விணைப்பு நிகழத் தொடங்கிவிடுகின்றது. அவள்மேற் குற்றம் சுமத்துவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும். அக்குற்றச்சாட்டுக்கு அஞ்சியே பிள்ளையை வீட்டினுள் மறைத்து வளர்க்கின்றனர். மறைத்தலாற் சிகிச்சைக்குரிய காலமும் கடந்துவிடுகின்றது.

பறந்து வந்த உதவி

உதட்டைத் தைத்துக் கூட்டும் சத்திரசிகிச்சை பொதுவாகக் குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போதும், அண்ணத்தை மூடும் சிகிச்சை ஏறத்தாழ ஒன்பது முதல் பதினெட்டு மாதத்துக்குள்ளும் செய்யப்படுகின்றன. தேர்ந்த வைத்தியருக்கு உதட்டுச் சிகிச்சை சில மணி நேரத்துக்குள் முடியும் காரியம். எனினும் வறிய நாடுகள் பலவற்றில் அவ்வைத்தியரும், மயக்க மருந்து கொடுப்பாரும், அதற்குரிய பணமும் இல்லாமையாற் பிள்ளைகள் பிளந்த உதட்டோடேயே முதியோராயினர்.

இக்குறையைப் போக்கச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தொண்டர் குழுக்கள் சில தோன்றின. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியர் டொனால்ட் லோப் 1969 இல் இன்டர்பிளாஸ்ட் என்னும் அமைப்பை நிறுவினார். மெக்சிக்கோவிலிருந்து வந்த பிளந்த உதடுடைய சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சை செய்ததே அதற்குத் தூண்டுதலாயிற்று. 1982 இல் வில்லியம் மகீ என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவியார் கதலீனும் பிலிப்பைன்ஸ் நாட்டின் நாகா நகருக்கு ஒரு குழுவோடு சென்றனர். அங்கே ஏறத்தாழ 40 பிள்ளைகளுக்கே அவர்களாற் சிகிச்சை செய்ய முடிந்தது. வந்து காத்திருந்த மிகப் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவ்வேதனையிற் பிறந்ததே ஒப்பரேஷன் ஸ்மைல் என்னும் தொண்டமைப்பு.

வைத்தியர்கள் தம் விடுமுறையையும் உழைப்பையும் ஊதியமின்றி ஈந்து, கடல் கடந்து சென்று, முன்பின் அறியாத பிள்ளையின் முகத்தைச் சீர்செய்து திரும்பினர். இது பெருங்கொடையே, இதனைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. ஆயினும் விமானம் திரும்பிச் சென்றபின் தையல் பிரிந்தால் யாரிடம் போவது? அண்ணத்தில் மீண்டும் துளை தோன்றினால் அதனை மூடுவார் யார்? அடுத்த மாதம் பிறக்கும் பிள்ளைக்கு என் செய்வது? இவ்வினாக்கள் அத்தொண்டர்களின் உள்ளத்திலேயே எழுந்தன. அதன் பயனாகப் போக்கு மாறிற்று. 1999 இல் தொடங்கப்பெற்ற ஸ்மைல் ட்ரெயின் என்னும் அமைப்பு, அயல்நாட்டு வைத்தியரை அனுப்புவதை விடுத்து, அவ்வந்நாட்டு வைத்தியருக்கே பயிற்சியும் பொருளும் அளிக்கும் முறையை மேற்கொண்டது. அம்முறையால் இதுவரை 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் இலவசமாக நடைபெற்றுள்ளன. பழைய அமைப்புக்களும் உள்ளூராரைப் பயிற்றுவதிற் கருத்தைச் செலுத்தலாயின.

காலியிற் கற்ற பாடம்

நம் இலங்கையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1980களின் நடுப்பகுதியில் இலண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்திரீட் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பற்சீரமைப்பு வல்லுநர் மைக்கல் மார்ஸ் ஒரு குழுவோடு தென்னிலங்கையின் காலிப் பகுதிக்கு வந்தார். சிகிச்சையே பெறாது இளைஞராகிவிட்ட பலருக்கு அங்கே உதடும் அண்ணமும் சீர்செய்யப்பட்டன. அக்குழுவிற் பணிசெய்த பேச்சுச் சிகிச்சையாளர் டெபி செல், காலந்தாழ்ந்து அண்ணச் சிகிச்சை பெற்றவர்களின் பேச்சை நுணுகி ஆராய்ந்தார். அவர் கண்டது யாது? பிளவு மூடப்பட்டது, ஆனாற் பெரும்பாலோருடைய பேச்சு எதிர்பார்த்த அளவுக்குத் திருந்தவில்லை. மிடற்றில் ஒலியைப் பிறப்பிக்கப் பழகிய பழக்கம், அண்ணம் கூடிய பின்னும் விட்டு நீங்கவில்லை.

அத்திட்டத்திற் பெற்ற பாடங்கள் மருத்துவ ஏடுகளில் வெளியாகி உலகெங்கும் பரவின. அப்பாடம் இரண்டாகும். முதலாவது, அண்ணச் சிகிச்சையைக் காலந்தாழ்த்தலாகாது. இரண்டாவது, கத்தியும் ஊசியும் பேச்சுக்கு வழியைத் திறந்துவிடுமேயன்றிப் பேச்சையே தந்துவிடமாட்டா. பேச்சைக் கற்பித்தல் வேண்டும். கற்பித்தல் என்றதும் அது ஒருநாள் வேலையன்று என்பதும், அப்பிள்ளையின் தாய்மொழியிலேயே நிகழவேண்டுவது என்பதும் சொல்லாமலே விளங்கும். சத்திரவைத்தியர் எம்மொழியினராயினும் ஆகலாம். பகரத்தையும் டகரத்தையும் றகரத்தையும் கற்பிப்பவர் தமிழ் அறிந்தவராதல் வேண்டும்.

பண்டத்தரிப்பும் மானிப்பாயும்

வந்து கொடுத்துச் செல்வதற்கும், தங்கிக் கற்பித்து வேரூன்றச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை யாழ்ப்பாணத்தார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நமது வரலாறே அதனைக் கூறும்.

ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1819 இல் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டு, 1820 இல் நமது பண்டத்தரிப்பில் வந்து தங்கினார். அமெரிக்க மிசன் ஆசியாவுக்கு அனுப்பிய முதல் வைத்தியர் அவரே. ஈதரின் ஆவியால் மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யும் முறை பொஸ்தன் நகரிற் காட்டப்பட்டது 1846 இலேதான். ஆகவே ஸ்கடரிடம் கத்திக்கு உடலைக் கொடுத்தவர் நோவை முழுதும் தாங்கியே கொடுத்தனர். அவர் 1836 இற் சென்னைக்குச் சென்றுவிட்டார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1918 இற் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையாயிற்று. இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது.

ஸ்கடர் சென்ற பின், 1847 இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். பண்டத்தரிப்புக்கு அணித்தாயுள்ள மானிப்பாயை அவர் நிலைக்களமாகக் கொண்டார். நோயாளரைக் குணப்படுத்துவதோடு நில்லாது, உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றவர் அரசாங்க உத்தியோகம் நாடிக் கிராமங்களை விட்டு அகல்வதைக் கண்டார். ஆதலின் 1860களிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல் வேண்டுமே! மாணவர்களும் உடனுழைக்க, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் எனப் பல நூல்கள் தமிழாயின. இவற்றுள் இரண வைத்தியம் சத்திரசிகிச்சை பற்றியது. 1867 இல் வெளிவந்தது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

அச்சொற்கள் சிலவற்றை இன்று நாம் வடமொழி மிகுந்தன என்று விலக்கக்கூடும். அதுவன்று கருதத்தக்கது. ஓர் உதவி ஓர் ஊரில் நிலைத்து நிற்பதற்கு அவ்வூரின் மொழியில் அது குடிபுகவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் ஊர் திரும்பியபின்னும் அவர்தம் மாணவர் இங்கே வைத்தியம் செய்தனர்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இன்று நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் இலவசம். உதட்டைக் கூட்டுவதற்குக் கடல் கடந்து வருவாரை மாத்திரம் எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை நீங்கியுள்ளது. எஞ்சிய பணி நம்முடையது.

ஊரில் இத்தகைய பிள்ளை பிறந்தால், பெற்றோர் காலந்தாழ்த்தாது மருத்துவமாதின் வழியாகவோ நேராகவோ பெரிய வைத்தியசாலையை அணுகுமாறு ஆசிரியர் எடுத்துரைக்கலாம். அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. அண்ணம் பிளந்த குழந்தையாற் பாலை உறிஞ்ச இயலாது. ஆதலின் முலைப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டியாலோ சிறு கிண்ணத்தாலோ ஊட்டும் முறையைத் தாதியரிடம் தாய் கற்றுக்கொள்ளல் வேண்டும். பால் குடியாது மெலிந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சையும் தள்ளிப்போகும்.

பள்ளிக்கு வந்த பின், அப்பிள்ளையை முன்வரிசையில் இருத்துக. அண்ணப் பிளவுடையோரின் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேள்வி குறைதல் உண்டு. கேள்வி குறைந்த பிள்ளையை மந்தன் என்று தள்ளிவிடலாகாது. வாசிப்பில் எழும் மூக்கொலியைச் சோம்பலென்று கடிந்துகொள்வதும் பிழை.

இனித் தமிழறிஞருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுச் சிகிச்சையாளருக்கு இருவகை வாக்கியங்கள் தேவை. 'அப்பா பழத்தைப் பறித்தார்', 'பாட்டி கதவைப் பூட்டு' என்பவற்றில் ஒரு மெல்லெழுத்தும் இல்லை. இவற்றைச் சொல்லும்போது மூக்கில் ஒலி எழுமாயின் காற்று ஒழுகுகின்றது என்பது தெளிவு. 'மாமா', 'மாமன் மனம்' என்பன மூக்கொலியே நிறைந்தவை. முன்னவற்றோடு ஒப்பிடுதற்கு உதவுவன. இவ்வாறு ஒவ்வொரு வல்லெழுத்தும் சொல்லின் முதலிலும், இடையிலும், இரட்டித்தும் வரும் எளிய சொற்களையும், பிள்ளைகள் விரும்பிப் பாடத்தக்க சிறு பாட்டுக்களையும், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்குக்கு இசையத் தொகுத்துக் கொடுப்பது எத்துணைப் பயனுடையது! வைத்தியர் இதனைச் செய்யார். அது அவர் துறையன்று. எழுத்தின் பிறப்பையும் சொல்லின் இயல்பையும் கற்ற நம்மால் ஒரு விடுமுறைக் காலத்துக்குள் இதனைச் செய்தல் கூடும். ஒரு பாடசாலையின் தமிழ் மன்றம் இப்பணியைத் தொடங்கினாலும் போதும். சிகிச்சையாளர் அதனைப் பார்த்துத் திருத்திப் பயன்படுத்திக்கொள்வர்.

கடல் கடந்து வந்தவர் நம் மொழியைக் கற்று அதில் மருத்துவ நூல் செய்தார். அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்த நாம், நம் பிள்ளையொன்று 'அப்பா' என்று தெளிவாக அழைப்பதற்குச் சில ஏடுகள் எழுதித் தருதல் அரிய செயலன்று.