பழையவற்றின் சேர்க்கை புதியதாகுமா?
ஆக்கவுரிமை மேன்முறையீடுகளில் ‘வெளிப்படை’ என்னும் அளவுகோல்

எந்தவொரு கருவியும் வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. சில்லு, நெம்பு, திருகு என்பன போன்ற பழைய உறுப்புகளின் சேர்க்கையே புதிய இயந்திரமாகிறது. ஆகவே, “உறுப்புகள் பழையவை” என்று கூறி ஆக்கவுரிமையை மறுப்பின், உலகில் எதற்கும் அவ்வுரிமை கிடையாது. மறுபுறம், எல்லாச் சேர்க்கைகளுக்கும் அதனை வழங்கின், பட்டறைத் தொழிலாளரின் பொதுவறிவு முழுவதும் சிலரின் தனியுடைமையாகிவிடும். இவ்விரண்டுக்குமிடையே எல்லைக்கோடு இடுவதே நீதிமன்றங்களின் பணியாகும்.

இங்கு இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரு கண்டுபிடிப்புப் புதியதன்று என நிறுவ, முந்திய ஒரே ஆவணமோ ஒரே பயன்பாடோ அதன் கூறுகள் அனைத்தையும் கொண்டிருத்தல் வேண்டும். அது வெளிப்படையானது என நிறுவுவதற்கோ முந்திய பலவற்றை இணைத்துக் காட்டலாம். ஆயின், அவ்வாறு இணைக்கும் எண்ணம் அத்துறையில் சாதாரண தேர்ச்சியுடைய ஒருவருக்கு அந்நாளிலேயே இயல்பாகத் தோன்றியிருக்குமா என்பதே வினா. விடையை அறிந்தபின் விடுகதை எளிதாகத் தோன்றுவது போல, பின்னோக்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் வெளிப்படையாகவே தோன்றும்.

1890இல் ஆங்கில நீதிமன்றமொன்று, இறைச்சியை அரியும் பொறியையும் அதனை உறையில் நிரப்பும் பொறியையும் ஒன்றாக்கிய இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாக ஏற்கவில்லை. சேர்ந்தபின்னும் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தது. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து புதிய விளைவொன்றைத் தந்தாலன்றி, அது வெறும் அடுக்கலே.

இந்தியாவில் இதற்குரிய முதன்மையான தீர்ப்பு மிர்சாப்பூர்ப் பாத்திரத் தொழிலிலிருந்து எழுந்தது. பாத்திரங்களைக் கடைந்து மெருகிடும் இயந்திரத்தில் செய்த திருத்தத்துக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்றீஸ் 1951 முதல் வலுவுடைய உரிமை பெற்றிருந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவ்வுரிமையை நீக்கினார். மேன்முறையீட்டு அமர்வு அதனை மீட்டது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நீக்கியது. நெடுங்காலம் அறியப்பட்ட பொறிமுறையொன்றைச் சிறு மாற்றத்துடன் பாத்திரக் கடைசலுக்குப் பயன்படுத்துவது பட்டறைத் திருத்தமே என்பது அதன் முடிவு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல், சரிசெய்யத்தக்க மிதிகட்டையுடன் மின்னணு உணரியை இணைத்த வழக்கில், இணைக்குமாறு கூறும் எழுத்துச் சான்றையே வற்புறுத்துதல் தகாதெனத் தீர்த்தது. தொழிலாளியும் பொதுப்புத்தியுடையவனே என்பது அதன் உட்பொருள்.

இவ்வளவுகோலை நம் அனுபவத்தில் இட்டுப் பார்க்கலாம். 1990இற்குப் பின், மின்சாரமின்றியும் பற்றரி, பெற்றோல் என்பன தடைசெய்யப்பட்டும் இருந்த காலத்தில், நெல்லியடியிலும் குடாநாடெங்கும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம்; சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். டைனமோ விளக்கெரிப்பதை அறிந்தவருக்கு வானொலி அடுத்த படியே. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவதும் உழவு இயந்திரங்களில் முன்னரே வழங்கிய முறை. “முன்பு ஏன் எவரும் செய்யவில்லை?” எனலாம். தேவை பழையதாயின் அவ்வினாவுக்கு வலுவுண்டு. தேவையே புதியதாயின், முன்பு செய்யாமை எதனையும் நிறுவாது. ஆகவே, மக்களை வாழவைத்த இவை சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் வெளிப்படையானவையே. சட்டம் பயனை அளப்பதில்லை. எண்ணத்தின் தொலைவையே அளக்கிறது.

எனினும் இவற்றுக்கு வேறொரு பெறுமதி உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், எழுத்தால் மட்டுமன்றி வாய்மொழியாலும் பயன்பாட்டாலும் வெளிப்பட்டவற்றையும் முன்னறிவாகக் கொள்கிறது. நாளை எவரேனும் இத்தகைய சேர்க்கைக்குத் தனியுரிமை கோரின், அதனை மறுக்க நம் பட்டறைகளின் பழக்கமே போதும். ஆனால் அப்பழக்கம் நிறுவப்படல் வேண்டும். அதைச் செய்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் கைவினையை ஆண்டும் இடமும் குறித்துப் பதிவு செய்தல், பொதுவறிவைப் பொதுவுடைமையாகவே காக்கும் பணியாகும்.