கழியொலியினால் பளிங்கின் மீள்தன்மையை அளத்தல்

புற மின்புலம் இல்லாதபோதும் மின்முனைவாக்கம் உடையதும், மின்புலத்தினால் அதன் திசையை மாற்றக்கூடியதுமான பளிங்கு பெரோமின் பளிங்கு எனப்படும்.
உதாரணம்: பேரியம் தைத்தனேற்று.

இது நொறுங்கும் தன்மையுடையது. எனவே கம்பியைப்போல் சுமையேற்றி அளத்தல் பொருந்தாது. சமாந்தர முகங்களுடைய துண்டினுள் நெட்டாங்குக் கழியொலித் துடிப்பைச் செலுத்தி, அது எதிர்முகத்தில் தெறித்துத் திரும்பும் நேரம் அலைவுகாட்டியில் அளக்கப்படும்.

வேகம் = 2 × தடிப்பு ÷ நேரம்
அத்திசையில் மீள்தன்மை மாறிலி = அடர்த்தி × வேகம்²

பயிற்சி: தடிப்பு 6 மி.மீ., நேரம் 2 மைக்குரோசெக்கன், அடர்த்தி 6000 கி.கி.மீ⁻³ எனின்,
வேகம் = 6000 மீ.செக்⁻¹
மாறிலி = 2.16 × 10¹¹ பஸ்கால்

கவனிக்க: துடிப்பு போய்த் திரும்புவதாலேயே 2 ஆல் பெருக்குகிறோம். இதை மறந்தால் வேகம் அரைப்பங்காகும், மாறிலியோ காற்பங்காகிவிடும்.

பளிங்கை வெப்பமேற்றும்போது ஏறத்தாழ 120 °செ. இல் வேகம் சடுதியாக மாறும். பெரோமின் இயல்பு இழக்கப்படும் இவ்வெப்பநிலை கியூரி வெப்பநிலையாகும். ஆகவே, பளிங்கைச் சேதப்படுத்தாமலே அதன் உள்ளமைப்பு மாற்றத்தையும் அறியலாம்.