தொட்டிக்குள் ஒரு போர்க்களம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மீன் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுவது குழம்புச்சட்டியே ஆகும். குளச்சலிலிருந்து வரும் சாளையையும் நெத்திலியையும் கண்டு வளர்ந்த நெய்யூர்க்காரர்களுக்கு, கறி வைப்பதற்கல்லாமல் கண்டு களிப்பதற்காக மீனைக் காசு கொடுத்து வாங்குவது சற்று விந்தையான செயல்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் என்ற பெருமையுடன் நான் தொட்டியின் முன் குறிப்பேட்டோடு அமர்ந்தபோது, "படிக்கப் போன பிள்ளைக்கு மீனுக்குக் காவலிருக்கதுதான் ஜோலியா?" என்று பாட்டி கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

இன்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் முதலிய ஊர்களில் அலங்கார மீன் கடைகள் பல உள்ளன. சென்னையை அடுத்திருந்து இன்று அதன் பகுதியாகிவிட்ட கொளத்தூரோ, இத்தொழிலுக்கே பெயர் பெற்றது. கடைகளில் விரலளவுக் குஞ்சுகளாக, ஒரே கண்ணாடித் தொட்டியில் அமைதியாகத் திரியும் வண்ணமீன்களில் நான்கைந்தை வாங்கி வந்து இரண்டடித் தொட்டியில் விடுகிறோம். சில மாதங்களில் ஒன்றே ஒன்று மட்டும் கொழுகொழுவென்று நீந்துகிறது. மற்றவை செதில் உதிர்ந்து, துடுப்பு கிழிந்து ஒவ்வொன்றாய் மாய்ந்துவிடுகின்றன. "ராசியில்லாத மீன்" என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவை பெரும்பாலும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே காரணம்.

ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் பல்கிப் பெருகியுள்ள இக்குடும்பத்தில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவுக்கு உரியவை மூன்றே இனங்கள். அவற்றுள் ஒன்று மணக்குடிப் பொழிமுகத்திலும் தேங்காப்பட்டணத்திலும் கிடைக்கும் நம் கரிமீன் என்றால் நண்பர்கள் வியப்படையலாம். கேரள அரசு 2010ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்ததும் இதனையே. மற்றொன்று, மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் சிறுமீன். மூன்றாவது கர்நாடகத்தில் வாழ்வது. ஆகவே சிக்லிட் என்பது நமக்கு முற்றிலும் அந்நியமன்று. சட்டியில் பலமுறை சந்தித்ததுதான்.

இனி, இவை ஏன் சண்டையிடுகின்றன என்பதைக் காண்போம். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். சிக்லிட்டுகள் அவ்வாறல்ல. மத்திய அமெரிக்க இனங்களில் ஆணும் பெண்ணும் இணை சேர்ந்து ஓர் இடத்தைத் தேர்ந்து, கல்லைத் துப்புரவு செய்து முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளையும் பல நாட்கள் காவல் காக்கின்றன. காவல் என்றால் எல்லை வேண்டும். எல்லை என்றால் அண்டை அயலாரை விரட்ட வேண்டும். ஆற்றிலோ ஏரியிலோ விரட்டப்பட்ட மீன் நீந்தி அப்பால் போய்விடும். தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. போகாத மீனை, விரட்டும் மீன் எதிரியாகவே கருதுகிறது. நாம் 'கொலைவெறி' என்று கூறுவது உண்மையில் தோற்றவன் ஓடுவதற்கு வழியில்லாத நிலையே.

இத்துறையில் நம் பள்ளத்திக்கும் ஒரு பங்குண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. 1969இல் ஆன் ராசா என்னும் ஆய்வாளர் பள்ளத்தி இணைகளை வைத்துச் சோதனை செய்தார். அண்டை மீன்களைக் காணவியலாதபடி தனிமைப்படுத்தப்பட்ட இணைகளில், ஆண் தன் துணையையே தாக்குவது மிகுந்தது. 1973இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரன்ஸும், வேறொரு சிக்லிட்டைக் குறித்து இதையொத்த செய்தியைத் தம் நூலில் கூறியுள்ளார். சினம் நீர்போல் உள்ளே தேங்கி வழிகிறது என்ற அவரது விளக்கத்தை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆயினும் மீன் வளர்ப்போருக்கு இதனால் ஒரு பயனுண்டு. இணையைத் தனியே அடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணலாகாது. தொட்டியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து அப்பால் ஒரு மீனை விட்டால், ஆணின் முறைப்பெல்லாம் கண்ணாடியின் மீது போகும், பெண் பிழைக்கும்.

எந்த மீனை எதனுடன் விடுவது? முதலில் பார்க்க வேண்டியது அழகையன்று, வளர்ந்தபின் எட்டும் நீளத்தை. உடலில் கருங்கோடுகள் உள்ளதால் 'கைதி' எனப் பொருள்படும் பெயர் பெற்ற கான்விக்ட், பத்துப் பன்னிரண்டு செ.மீ. அளவே வளரும். ஆனால் குஞ்சு பொரித்த கான்விக்ட் இணை, தம்மினும் இருமடங்கு பெரிய மீன்களையும் மூலைக்குள் ஒதுக்கிவிடும். (பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் தோன்றும், ஆணைவிடப் பெண் வண்ணமிக்கது என்பது மீனுலகில் அரிது.) மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளைச் சேர்ந்த ஃபயர்மவுத், செந்நிறத் தொண்டையையும் செவுள்மூடியையும் விரித்து வெருட்டும். வெருட்டல்தான் அதிகம், கடி குறைவு. எனவே கான்விக்டுடன் சேர்ந்தால் பெரும்பாலும் தோற்பது இதுவே. ரெயின்போ சிக்லிட் இன்னும் சாது. புதிதாய்த் தொடங்குவோர் ஃபயர்மவுத்தையும் ரெயின்போவையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

1919இல் உலகக் குத்துச்சண்டை வீரரான ஜாக் டெம்ப்சியின் பெயரைத் தாங்கிய மீன் இருபது செ.மீ.க்கு மேல் வளரும். அதன் குணத்தைப் பெயரே கூறிவிடும். நிகரகுவா ஏரிகளின் மைடாஸ், ரெட் டெவில் ஆகியவற்றையும், பிற மீன்களை வேட்டையாடி அரை மீட்டரையும் எட்டவல்ல ஜாகுவாரையும் வீட்டுக்கூடத்துத் தொட்டிக்குக் கொண்டுவருவது வீண் வேலை. 1990களில் மலேசியாவில் இத்தகைய மீன்களைக் கலந்து உருவாக்கிய ஃப்ளவர்ஹார்ன், நம்மூரில் 'வாஸ்து மீன்' என்று நல்ல விலைக்குப் போகிறது. தலையின் புடைப்பு செல்வத்தைக் கொணருமா என்பதை வாங்கியவர்தாம் கூற வேண்டும். அதனைத் தனியாக வளர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது மட்டும் உறுதி.

தொட்டியின் அளவு அடுத்தது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி 57 லிட்டர் கொள்ளும். ஒரு சிறிய கான்விக்ட் இணைக்கே அது நெருக்கடி. ஒன்றரையடி அகலமும் உயரமும் உள்ள மூன்றடித் தொட்டி 190 லிட்டரும், நான்கடித் தொட்டி 255 லிட்டரும் கொள்ளும். பல மீன்களைச் சேர்த்து வளர்க்க நான்கடியே தொடக்கம். எங்களைப் போன்ற வீடுகளில் அதன் விலை ஒரு மாதச் செலவை எட்டிப் பார்க்கும். ஆதலின் சிறு தொட்டியே போதுமென்று தோன்றுவது இயல்பு. ஆனால் 2011இல் அமெரிக்காவில் ஓல்ட்ஃபீல்டு என்பவர் மைடாஸ் குஞ்சுகளை வைத்து நடத்திய ஆய்வு, மீன்களின் எண்ணிக்கையிலும் தொட்டியின் அளவிலும் செய்யும் சிறு மாற்றங்களால் சண்டை குறைவதில்லை என்று காட்டியது. மிகப் பெரியதும் மறைவிடங்கள் நிறைந்ததுமான தொட்டியில்தான் அது குறைந்தது. எனவே கையில் இரண்டடித் தொட்டிக்கான காசே இருக்குமாயின், சிக்லிட்டை விட்டுவிட்டு கப்பியை வாங்குவது மேல்.

'நிறைய மீன்களை நெருக்கி விட்டால் சண்டை பரவிப் போய்விடும்' என்று கடைக்காரர் சிலர் கூறுவர். அது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்காக எழுந்த யோசனை. எல்லை வகுத்து இணையாக வாழும் மத்திய அமெரிக்க மீன்களுக்கு அது பொருந்தாது.

மறைவிடத்துக்குக் கடைப்பொருள் எதுவும் தேவையில்லை. நம் வீட்டில் இல்லாத சிரட்டையா? நன்கு வேகவைத்துச் சாயம் போக்கிய சிரட்டையின் விளிம்பில் ஒரு வாயில் உடைத்துக் கவிழ்த்தால் அருமையான குகை. ஓட்டை மண்சட்டியும் பூந்தொட்டியும் ஆகும். முக்கியமானது யாதெனில், தொட்டியின் ஒரு முனையிலுள்ள மீன் மறுமுனையிலுள்ளதைப் பார்க்கக் கூடாது. கற்களை நடுவில் உயர்த்தி அடுக்கினால் பார்வை மறையும். பார்வை மறைந்தால் பாதிச் சண்டை ஓயும். இவை மண்ணைத் தோண்டும் இயல்புடையன. ஆகவே கற்களை மணலின் மேல் வைக்காமல் அடித்தளத்திலேயே ஊன்ற வேண்டும்.

மீன்களை ஒரே நாளில், ஏறக்குறைய ஒத்த அளவில் விடுவது நல்லது. அது இயலாதெனில் சாதுவானதை முதலில் விட வேண்டும். பழைய மீன்கள் உள்ள தொட்டியில் புதியது வந்தால் சட்டிகளையும் கற்களையும் இடம் மாற்றிவிட வேண்டும். வேலி பிடுங்கப்பட்ட வயலில் எல்லோரும் புதியவரே. மேல்மட்டத்தில் விரைந்து நீந்தும் கெண்டை இனச் சிறுமீன்கள் சில இருந்தால், 'அபாயம் இல்லை' என்ற தைரியத்தில் அஞ்சிய சிக்லிட்டுகளும் வெளியே வரும். ஒரு மீன் நிறம் கருத்து, மேல்மூலையில் நீர்ப்பரப்பையொட்டிச் சாய்ந்து நின்று, தீனிக்கும் வராமலிருந்தால் அன்றே பிரித்துவிட வேண்டும். மறுநாள் என்பது பல வேளைகளில் காலங்கடந்ததாகிவிடும்.

நம் வெப்பநிலையே இவற்றுக்குப் போதும். இவை சற்றுக் கடினமான நீரை விரும்புவன. கிணற்று நீர் மென்மையாக இருந்தால் வடிகட்டியில் ஒரு பிடி கிளிஞ்சல் இடலாம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

எஞ்சுவது, வேண்டாத மீனை என் செய்வது என்பது. கான்விக்ட் இணை ஒரே ஈட்டில் நூறு குஞ்சுகளுக்கு மேல் பெருக்கும். குளத்தில் விட்டால் புண்ணியம் என்று எண்ணுவோர் உள்ளனர். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கச் சிக்லிட்டான திலேப்பியா, இன்று சிலேபி என்ற பெயருடன் தமிழகத்துக் குளங்களெங்கும் குடியேறிவிட்டது. கான்விக்ட் ஏற்கெனவே ஹவாய்த் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வாறே நீர்நிலைகளில் புகுந்துள்ளது. ஆகவே குஞ்சுகளை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். சில கடைகள் திருப்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. அதுவும் இயலாவிடில், சிரட்டையை எடுத்துவிட்டு ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு தொட்டிகளில் விடுவதே எளிது.