கேள்வி கேட்பவரும் வேதனை அறிந்தவர்!

"தம்பி, ராத்திரி தூக்கம் வருகிறதா?"

"வருகிறது, டாக்டர்."

பொய்தான். ஆனால் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது பையன் வேறு என்ன சொல்வான்? அதே துன்பத்தை அனுபவித்த இன்னொரு வாலிபன் தனியாகக் கேட்டால், உண்மை வெளிவரக்கூடும் அல்லவா?

இந்த எண்ணத்தில்தான், மனநல ஆராய்ச்சியில் இளைஞர்களையே ஆராய்ச்சியாளர்களாகச் சேர்த்துக்கொள்ளும் முறை பல நாடுகளில் பரவி வருகிறது. உலகில் 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்கள் மனத்தை அறிய அவர்கள் வயதினரைவிடப் பொருத்தமானவர் யார்?

மூன்று நாடுகளில்

2021-ம் ஆண்டில் இந்தியா, பிரிட்டன், தென் ஆப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் "மைண்ட்கைண்ட்" என்ற ஆராய்ச்சி நடந்தது. லண்டன் வெல்கம் அறக்கட்டளை பண உதவி செய்தது. இந்தியாவில் புனா நகரிலுள்ள சட்டக் கழகத்தின் மனநல மையம் பங்கு கொண்டது.

16 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் தங்கள் மனநிலை பற்றிய விவரங்களைக் கைபேசி மூலம் தருவார்களா? தந்தால், அந்த விவரங்கள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்? இவையே கேள்விகள். மனச்சோர்வையும் பதற்றத்தையும் தாங்களே அறிந்த இளைஞர்கள் இதில் ஆலோசகர்களாக இருந்தார்கள்.

என்ன வேலை?

ஆலோசனையோடு நிற்காமல், நேரில் பேட்டி காணும் இளைஞர்களும் உண்டு. முதலில் அவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பிறகு கேள்விகளைத் திருத்துகிறார்கள். "மனச்சோர்வு உண்டா?" என்றால் பலர் விழிப்பார்கள். "எதிலும் மனம் ஒட்டவில்லையா?" என்றால் உடனே புரியும். கிடைத்த பதில்களுக்கு என்ன பொருள் என்பதையும் நிபுணர்களுடன் சேர்ந்து விவாதிக்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு

பிறர் கதையைக் கேட்கும்போது, கேட்பவரின் பழைய புண்ணும் கிளறப்படலாம். ஆகவே பேட்டி முடிந்ததும் மூத்தவர் ஒருவர் அவரோடு பேச வேண்டும். வேண்டும்போது ஓய்வு தர வேண்டும். பேட்டி கொடுப்பவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டால், யாரிடம் தெரிவிப்பது என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும். அந்த விஷயம் ரகசியமாக இராது என்பதைப் பேட்டி கொடுப்பவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடவும் வேண்டும்.

கூலியும் முக்கியம். நிபுணருக்குச் சம்பளம், இளைஞனுக்கு டீயும் சான்றிதழும் என்றால் அது நியாயமாகாது.

தன் துன்பத்தையே பிறருக்கு உதவும் அறிவாக மாற்ற ஓர் இளைஞன் முன்வருகிறான். அவனுடைய அனுபவம் வேண்டும் என்பவர்கள், அவனுடைய நலனையும் காக்கக் கடமைப்பட்டவர்கள்!